பாதிக்குப் பாதி கலக்கச் சொன்னவர்

டொக்டர் குணநாயகம் இறந்த செய்தியை எனக்கு முதலில் சொன்னது அவருடைய வீட்டார் அல்ல. மூதூரிலிருந்து ரகீம் நானா தொலைபேசியில் அழைத்தார். காலைத் தேநீரைக் குடித்துவிட்டு, வளவில் நிற்கும் என் கோழிகளுக்குத் தீன் போடப் புறப்பட்ட நேரம். "மிஸ், எங்கட டொக்டர் மௌத்தாயிட்டார்" என்றார். புண்ணாக்கு மூட்டையை ஒருவர் துணையில்லாமல் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்த வியாபாரி அவர். சின்னப்பிள்ளைபோல விம்மி விம்மி அழுதார்.

டொக்டர் குணநாயகத்தை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருகோணமலையில் எங்கள் அலுவலகத்தில் அவர் மிருக வைத்தியர், நான் கால்நடை உத்தியோகத்தர். ஏறக்குறைய ஒரே வயதுக்காரர். யுத்த காலம் முழுவதும் எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவர் என்னை 'மிஸ்' என்பார், நான் அவரை 'டொக்டர்' என்பேன். இருவரும் ஓய்வுபெற்றுக் கிழடுதட்டிய பிறகும் அது மாறவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அவருடைய மகள் வாசுகி கேட்டாள். புத்தகத்தின் முதற் பக்கத்தையும் காட்டினாள். படத்துக்குக் கீழே யாரோ அழகாக 'அஞ்சா நெஞ்சர்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. வாசுகி, உன் அப்பாவைப்போலப் பயந்த ஒரு மனிதர் திருகோணமலைத் துறைமுகத்தின் இந்தக் கரையிலும் இருந்ததில்லை, அந்தக் கரையிலும் இருந்ததில்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு இதைப் போடு. போட விருப்பமில்லையென்றால் நீ மட்டுமாவது வாசி.

அவருடைய பயத்தில் ஒரு வகை இரு வகை இல்லை. அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கும். அதன் பிரதி காற்சட்டைப் பையில். இன்னொரு பிரதி காலுறைக்குள். ஆமி சோதனைக்கு மறிக்கும் சென்றியில் நிற்கும்போது அவருடைய உதடு தானாக அசையும். தேவாரம் சொல்கிறார் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். கேட்டபோது, "இல்லை மிஸ், என்ர பேரையும் விலாசத்தையும் சொல்லிப் பாக்கிறனான். கேக்கேக்க மறந்துபோனால்?" என்றார். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போய்விடுவார். அது போன பிறகும் வெளியே வரமாட்டார், திரும்பி வருமாம்.

மிருக வைத்தியருக்கு நாய்ப் பயம் என்றால் யார் நம்புவார்கள்? ஒரு நாள் துறைமுக வீதியிலிருந்து ஒரு அம்மா தன் பெரிய அல்சேஷனை ஊசி போடக் கொண்டுவந்தார். நாய் வாசலில் காலை வைத்ததுதான் தாமதம், டொக்டர் கதிரையில் ஏறி, கதிரையிலிருந்து மேசையில் ஏறிவிட்டார். "மிஸ், அதைக் கட்டச் சொல்லுங்கோ." நான், "டொக்டர், இதுக்குத்தானே படிச்சனீங்கள்?" என்றேன். "நான் மாட்டுக்குப் படிச்சனான்" என்றார் மேசையில் நின்றபடி. அந்த அம்மா சிரித்த சிரிப்பில் நாயே வெட்கப்பட்டிருக்கும். கடைசியில் நான் நாயின் தலையைப் பிடிக்க, அவர் பின்பக்கமாக வந்து ஊசியைப் போட்டார்.

நான் பகிடி பண்ணினால் அவர் கோபிக்கமாட்டார். "தைரியசாலி ஒருதரம்தான் பாப்பான் மிஸ். பயந்தவன் ரெண்டாந்தரமும் பாப்பான்" என்பார். அதை அவர் ஒரு சாக்குப்போக்காகச் சொல்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

இனி நான் சொல்லப்போவது கட்டைபறிச்சான் என்ற ஊரில் நடந்தது. அந்த நாட்களில் கொட்டியாரக் குடாவைத் தாண்டி லோஞ்சுப் படகில் மூதூர் போய், அங்கிருந்து சென்றியைக் கடந்து சைக்கிளில் போகவேண்டும். சென்றிக்கு இந்தப் பக்கம் அரசாங்கத்தின் ஆட்சி, அந்தப் பக்கம் ஆயுதம் தூக்கிய இயக்கத்தின் ஆட்சி. இடம்பெயர்ந்து திரும்பிவந்த பெண்களுக்கு நிவாரணத்தில் கோழிகள் கொடுத்திருந்தார்கள். அவர்களில் பலருக்குக் கணவன் இல்லை. கோழிச் சங்கத்துக்குத் தலைவி யோகம்மா. கடலுக்குப் போன புருஷன் திரும்பி வராதவள். முட்டையை விற்றுத்தான் அவர்கள் அரிசி வாங்கினார்கள். கோழி உயிரோடு நின்றால்தான் உலை கொதிக்கும் என்ற நிலைமை.

தீன் இரண்டு இடத்திலிருந்து வந்தது. நிவாரணச் சோளம் கப்பலில் வந்து, ஆமியின் அனுமதி கிடைக்கும்வரை மாரி மழையில் படங்குச் சீலைக்குக் கீழே இறங்குதுறையில் கிடந்தது. தேங்காய்ப் புண்ணாக்கை மூதூர்க் கடையிலிருந்து ரகீம் நானா சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தார். பாதை மூடிய நாட்களில் அந்தப் புண்ணாக்கும் கடையில் புழுங்கிக் கிடந்தது. ஒரு நாள் யோகம்மா இரண்டிலும் ஒவ்வொரு பிடி அள்ளி டொக்டரின் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். "மணந்து பாருங்கோ. பூஞ்சண மணம் அடிக்குதெல்லோ? போடலாமோ, எறியிறதோ? எறிஞ்சால் போட வேற ஒண்டுமில்லை."

டொக்டர் மணந்தார், முகத்தைச் சுளித்தார். வேறு யாராகவும் இருந்தால் அந்த இடத்திலேயே ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். அவர் இரண்டிலும் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். கிழமைகள் கழித்துப் பதில் வந்தது. சோளத்தில் ஒரு பூஞ்சண நஞ்சு கொஞ்சம் இருக்கிறது, புண்ணாக்கில் வேறொரு பூஞ்சண நஞ்சு கொஞ்சம் இருக்கிறது, இரண்டும் அனுமதித்த அளவுக்குள்தான். மற்றவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடும் பதில் அது. டொக்டருக்கு அது போதவில்லை. அளவுக்குக் கிட்டவாக இருக்கிறதே, ஒரு மூட்டையில் கூடிப் போய்விட்டால் என்ன செய்வது என்று யோசித்தார். அதுவரை சோளம் கிடைத்த வீட்டில் சோளமும் புண்ணாக்கு வாங்கிய வீட்டில் புண்ணாக்குமாகப் போட்டுவந்த பெண்களைக் கூப்பிட்டு, "தனிச் சோளமும் வேண்டாம், தனிப் புண்ணாக்கும் வேண்டாம். பாதிக்குப் பாதி கலந்து போடுங்கோ. அப்ப எந்த நஞ்சும் பாதியாப் போயிடும்" என்றார்.

பெண்களுக்கு அது நன்றாக விளங்கியது. நிவாரண மாவில் மணம் அடித்தால் அவர்களும் அப்படித்தான் அரிசிமாவோடு கலந்து பிட்டு அவித்தார்கள். அந்தக் காலத்தில் எந்தக் குசினியிலும் எதையும் எறிந்ததில்லை, கலந்துதான் தீர்த்தார்கள். எனக்கும் அது புத்தியான பேச்சாகவே பட்டது.

கொஞ்ச நாளில் கோழிகள் சாகத் தொடங்கின. முதலில் முட்டை நின்றது. பிறகு இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் குந்தின. பிறகு காலையில் கூட்டைத் திறந்தால் விறைத்துக் கிடந்தன. ஒரு வீட்டில் அல்ல, வீட்டுக்கு வீடு. தகவல் வந்து நாங்கள் லோஞ்சில் ஏறியபோது அதற்குள் இருந்த சனமெல்லாம் அதே கதைதான். யாரோ நஞ்சு வைத்துவிட்டார்களாம். கோழிக்கு வைத்தவன் நாளைக்குக் கிணற்றுக்கும் வைப்பானாம். தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் ஒரே பலகையில் இருந்துகொண்டு, ஆளையாள் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

யோகம்மாவின் முற்றத்தில் பாயை விரித்து, ஊர் சுற்றி நிற்க, டொக்டர் செத்த கோழிகளை வெட்டிப் பார்த்தார். எல்லோரும் அவருடைய வாயையே பார்த்தார்கள். துவக்கோடு வந்த இரண்டு இயக்கப் பெடியளும் வேலிக்கரையில் நின்றார்கள். டொக்டர் ஈரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூஞ்சண நஞ்செண்டால் ஈரல் மஞ்சளாக் கொழுத்துப்போய் இருக்கும். இது அப்படி இல்லை. பூஞ்சணமெண்டு சொல்ல ஏலாது" என்றார். அவர் படித்தது அப்படித்தான். மாட்டிலும் கோழியிலும் அவர் கண்டதும் அப்படித்தான். ஆனால் முற்றத்தில் நின்ற சனத்துக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. "பூஞ்சணம் இல்லையெண்டால் நஞ்சுதானே?" என்று ஒரு குரல் வந்தது. "நிவாரணச் சோளத்துக்கு ஆர் நஞ்சு வைப்பினம்? புண்ணாக்கைக் கொண்டுவந்தது ஆர்?" என்று இன்னொரு குரல்.

ரகீம் நானாவும் அன்றைக்கு அங்கேதான் நின்றார். தன்னுடைய வாடிக்கைக்காரரின் கோழிகள் சாகின்றன என்று கேள்விப்பட்டுப் பதறிப்போய் வந்திருந்தார். சனம் அவரைச் சுற்றி இடம் விட்டு விலகியது. அதை நான் கண்டேன். டொக்டரும் கண்டார். குனிந்து கத்தியைத் துடைக்கத் தொடங்கினார். பெடியளில் ஒருவன் வந்து, "நானா, ஒருக்கா வாங்கோ, விசாரிக்கவேணும்" என்றான். மரியாதையாகத்தான் கூப்பிட்டான். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது. ரகீம் நானா அவர்களோடு போனார், அவருடைய சைக்கிள் வேலியில் சாத்தியபடி நின்றது.

திரும்பும்போது டொக்டர் லோஞ்சில் தன் பையை மடியில் வைத்து அணைத்துப் பிடித்திருந்தார். அதற்குள்தான் போத்தல்கள் இருந்தன. ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் மருந்துப் போத்தலில் போட்டு எடுத்திருந்தார். மிஞ்சிய சோளத்திலும் புண்ணாக்கிலும் ஒவ்வொரு சாக்கு வாங்கியிருந்தார். எதற்கென்று கேட்டால், "இருக்கட்டும் மிஸ், பயமாக் கிடக்கு" என்றார்.

அடுத்த லோஞ்சில் ரகீம் நானாவின் மனைவி ஆயிஷா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அழவில்லை, சத்தம் போடவில்லை. கதிரையைக் காட்டினேன், இருக்கவும் இல்லை. "டொக்டர், பூஞ்சணம் இல்லெண்டு நீங்க சொன்னீங்களாம். அப்ப எங்கட மனிசன்தான் நஞ்சு வெச்ச எண்டு ஊர் கதைக்குது. டொக்டர் பாத்துச் சொன்னா சரியாத்தான் இரிக்குமாம். சரிதானா டொக்டர்? எனக்கு அத மட்டும் சொல்லுங்க."

டொக்டர் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. "தங்கச்சி, நான் இன்னொருக்காப் பாக்கிறன்" என்றார்.

அன்று முழுவதும் அந்தப் போத்தல்களோடுதான் இருந்தார். ஈரலை விட்டுவிட்டுச் சிறுநீரகத்தை எடுத்தார். அது வெளிறி, வீங்கி இருந்தது. முற்றத்தில் அதைக் கண்டிருந்தார், ஆனால் கண் ஈரலிலேயே நின்றுவிட்டது. பின்னேரம் என் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னார். "மிஸ், புண்ணாக்கில இருக்கிற நஞ்சு ஈரலைப் பிடிக்கிறது. சோளத்தில இருக்கிறது சிறுநீரகத்தைப் பிடிக்கிறது. தனித்தனியா இந்த அளவில ரெண்டும் கோழியைக் கொல்லாது. சேந்தால் ரெண்டும் ரெண்டு மடங்கா வேலை செய்யாது மிஸ், பல மடங்கா வேலை செய்யும். அதோட, ஈரல் மஞ்சளாகிறதை மற்ற நஞ்சு தடுத்துப்போடும். எப்பவோ படிச்சது, மறந்துபோனன். ஒண்டின்ர அடையாளத்தை மற்றது மறைச்சுப்போட்டுது."

கண்ணுக்குத் தெரியாத ஒன்று கொல்கிறது, கொன்றதற்கான தடயத்தை இன்னொன்று அழிக்கிறது. எங்கள் ஊர்களில் மனிதருக்கு நடந்துகொண்டிருந்ததை இப்போது கோழிக்குள்ளும் பார்க்கவேண்டியிருந்தது.

"அப்ப போய்ச் சொல்லுங்கோவன்" என்றேன்.

"நிச்சயமில்லையே மிஸ்."

அலுவலகத்தின் பின்புறத்தில் மூன்று பெட்டி வைத்தார். மூன்றிலும் கோழிக்குஞ்சுகளை விட்டார். ஒரு பெட்டிக்குத் தனிச் சோளம், ஒரு பெட்டிக்குத் தனிப் புண்ணாக்கு, மூன்றாவதுக்குப் பாதிக்குப் பாதி. தனக்குத் தெரிந்த ஒரு பாடசாலை அதிபர் மூலமாக அந்தப் பக்கத்து இயக்கப் பொறுப்பாளருக்கு, சோதனை நடக்கிறது, அதுவரைக்கும் ஒரு முடிவும் எடுக்கவேண்டாம் என்று சொல்லியனுப்பினார். 'சுணங்காமல் உடன வரச் சொல்லுங்கோ' என்று மறுமொழி வந்தது. அந்த வசனத்தை நாங்கள் இருவரும் எத்தனை விதமாக விளங்கிப் பார்த்தோம். எந்த விதத்தில் பார்த்தாலும் பயமாகத்தான் இருந்தது.

குஞ்சுகள் தின்றன, கீச்சிட்டன, ஒன்றும் நடக்கவில்லை. ஆயிஷா லோஞ்சு ஓடிய நாளெல்லாம் வந்து பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுப் போவார். குஞ்சு சாகவேண்டும் என்று அவர் மனதுக்குள் கேட்டிருப்பார், நானும் கேட்டேன். பொறுக்க முடியாமல் ஒரு நாள் கத்திவிட்டேன். "டொக்டர், அங்க ஒரு மனிசன்ர உயிர் ஊசலாடுது. நீங்கள் இங்க கோழி வளக்கிறியள்."

"ஒருக்கா அவசரப்பட்டு வாயைத் திறந்து ஒருத்தனைக் குடுத்துப்போட்டன் மிஸ். இன்னொருக்கா ஏலாது" என்றார். அவர் சாப்பிட்டு எத்தனை நாளோ, சட்டை தோளில் தொங்கியது.

பிறகு மூன்றாவது பெட்டியில் ஒரு குஞ்சு இறக்கையைத் தொங்கப்போட்டது. மறுநாள் அது செத்துக் கிடந்தது, அதன் பக்கத்தில் இன்னொன்றும் கிடந்தது. மற்ற இரண்டு பெட்டிகளிலும் குஞ்சுகள் கொஞ்சம் மெலிந்திருந்தாலும் நின்றன, கொத்தின, சண்டை பிடித்தன. நான் சந்தோஷத்தில் கையைத் தட்டினேன். டொக்டர் தட்டவில்லை. அந்தப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து செத்த குஞ்சைக் கையில் எடுத்தார். "கலக்கச் சொன்னது ஆர் மிஸ்?" என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. யோகம்மா வீட்டுக் கோழியைக் கொன்றது ரகீம் நானாவின் புண்ணாக்கு அல்ல, கப்பலில் வந்த சோளமும் அல்ல. கவனமாக இருக்கவேண்டும் என்று பயந்து பயந்து டொக்டர் சொன்ன புத்திமதி.

"அதை ஏன் அங்க சொல்லுறியள்? பூஞ்சணமெண்டு மட்டும் சொல்லுங்கோ, காணும்" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"அதைச் சொல்லாட்டில் மிச்சம் ஒண்டும் பொருந்தாது மிஸ். தனித்தனியாக் கொல்லாது எண்டால், சேத்தது ஆரெண்டு கேப்பினம்."

மூன்று பெட்டிகளையும் கட்டிக்கொண்டு லோஞ்சில் ஏறினோம். செத்த குஞ்சுகளைத் தனிப் பொதியாக வைத்திருந்தோம். மூதூர்ச் சென்றியில் ஒரு சிப்பாய் பொதியை அவிழ்த்துவிட்டு மூக்கைப் பொத்தினான். சிங்களத்தில் என்ன இது என்று கேட்டான். டொக்டருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், அன்றைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. தன் பெயரையும் விலாசத்தையும்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் கோழி வியாதி என்று சொல்லிச் சமாளித்தேன். சிப்பாய் கையை உதறிக்கொண்டு எங்களைப் போகச் சொன்னான்.

பொறுப்பாளர் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டிடத்தில் இருந்தார். எங்களைவிட எவ்வளவோ இளையவர், அமைதியான பேச்சு. யோகம்மாவையும் சங்கத்துப் பெண்கள் சிலரையும் கூப்பிட்டு வாங்கில் இருத்தியிருந்தார்கள். ரகீம் நானாவைக் காணவில்லை.

டொக்டர் செத்த குஞ்சுகளையும், புண்ணாக்குப் பெட்டியிலிருந்து ஒன்றைக் கொன்று அதையும் மேசையில் வைத்து வெட்டிக் காட்டினார். வேலை என்று வந்தால் கை நின்றுவிடும் என்பார்களே, அவருக்கு நிற்கவில்லை. கத்தி கோணிக் கோணிப் போனது. நான்தான் குஞ்சைப் பிடித்துக் கொடுத்தேன். புண்ணாக்கு மட்டும் தின்ற குஞ்சின் ஈரல் மஞ்சளாக இருந்தது. கலவை தின்றதன் ஈரலில் மஞ்சள் இல்லை, சிறுநீரகம் வீங்கியிருந்தது. முற்றத்தில் செத்த கோழிகளுக்கும் அப்படித்தான். "இது அதே சாக்குப் புண்ணாக்கு. அதை மட்டும் திண்டதுகள் உங்களுக்கு முன்னால நிண்டு கொத்துதுகள், பாருங்கோ" என்றார்.

பொறுப்பாளர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "டொக்டர், அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால பூஞ்சணமில்லை எண்டு சொன்னனீங்கள். இப்ப மாத்திச் சொல்லுறியள். உங்களை எல்லாருக்கும் தெரியும், நீங்கள் பயந்த மனிசன். உங்களை ஆர் வெருட்டினது?" என்று கேட்டார்.

அவருடைய பயத்தை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான். அந்தச் சிரிப்பு இந்த மேசைவரைக்கும் வந்து ரகீம் நானாவின் கழுத்தில் நிற்கிறது என்று எனக்கு அப்போது பட்டது.

டொக்டரின் குரல் நடுங்கியது. ஆனால் நின்றுவிடவில்லை. "ஓம் தம்பி, நான் பயந்தவன். ஆமிக்குப் பயம், கடலுக்குப் பயம், நாய்க்கும் பயம். இப்ப உங்களுக்குப் பயம். பயத்தில பொய் சொல்லுறவன் எப்பவும் முன்னால நிக்கிறவனுக்குப் பிடிச்ச பொய்யைத்தான் சொல்லுவான். நான் பொய் சொல்ல வந்திருந்தால், நஞ்சு வைச்சது அந்த யாவாரிதான் எண்டு சொல்லிப்போட்டு இந்நேரம் லோஞ்சில ஏறியிருப்பன்." மூச்சை இழுத்துக்கொண்டு தொடர்ந்தார். "ரெண்டையும் பாதிக்குப் பாதி கலக்கச் சொன்னது நான். அதாலதான் செத்தது. பிழை என்ர. அந்த மனிசனை விட்டிட்டு என்னை வைச்சிருங்கோ."

பொறுப்பாளர் பெண்கள் பக்கம் திரும்பி, "டொக்டரே கலக்கச் சொன்னவர்?" என்று கேட்டார்.

யோகம்மா எழுந்தாள். "ஓம். அவர்தான் சொன்னவர். நாங்கள் அதைச் சொல்லேல்லை. எங்களுக்காக இந்தக் கடலைத் தாண்டி வாறவர் அவர் ஒருத்தர்தான். அவருக்கு ஒண்டு நடந்திடுமெண்டு பேசாமல் இருந்தனாங்கள்" என்றாள். பிறகு டொக்டரைப் பார்த்து, "நீங்கள் ஏன் வந்தனீங்கள்?" என்று அழத் தொடங்கினாள். அவருக்காகப் பயந்து அந்தப் பெண்கள் ஒரு அப்பாவியைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்களை வெளியே வேம்புக்குக் கீழே இருக்கச் சொன்னார்கள். வெயில் சாயும்வரை இருந்தோம். தூரத்தில் எங்கோ வெடிச் சத்தம் கேட்டது, ஒரே ஒரு வெடி. டொக்டர் என் கையைப் பிடித்தார். அதுவரை அவர் என் கையைத் தொட்டதில்லை. "மிஸ், அது அவர் இல்லைத்தானே?" என்றார். அந்த வெடி எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு கடந்த நேரத்தை நான் இன்னொருமுறை வாழமாட்டேன்.

பொழுது படுவதற்குள் ரகீம் நானா வந்தார். தாடி வளர்ந்திருந்தது, ஒரு காலை இழுத்து நடந்தார். அவருடைய சைக்கிளையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். "போங்கோ" என்றார்கள், வேறொன்றும் சொல்லவில்லை. டொக்டர் உடனே புறப்பட்டாரா? இல்லை. கலந்து வைத்த தீனை எல்லாம் எரித்துவிடும்படி யோகம்மாவிடம் கெஞ்சிவிட்டு, அவள் தலையாட்டிய பிறகும் திரும்பிப் போய் இன்னொருமுறை சொல்லிவிட்டுத்தான் வந்தார். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடவேண்டும்போல் இருந்தது.

ஆயிஷா மூதூர் இறங்குதுறையில் நின்றார். ரகீம் நானா வீட்டுக்குப் போகாமல் எங்களோடு லோஞ்சில் ஏறினார். அடிபட்ட காலை ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும் என்று சொன்னார். எங்களைத் தனியே விட அவருக்கு மனமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். குடா நடுவில் டொக்டர் பலகையில் குனிந்து வாந்தி எடுத்தார். ரகீம் நானா அவருடைய முதுகைத் தடவிவிட்டார். "டொக்டர், உங்கட கை இன்னும் நடுங்குது" என்று சொல்லி அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். திருகோணமலைக் கரைவரைக்கும் விடவில்லை.

அதற்குப் பிறகு டொக்டர் தைரியசாலியாக மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான். அடுத்த ஊசிக்கு அதே அல்சேஷன் வந்தது. அவர் மறுபடியும் மேசையில் ஏறிவிட்டார். நான் சிரிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். புதிய குஞ்சுகள் கிடைத்தபோது அவரே பெட்டியைச் சுமந்துகொண்டு கட்டைபறிச்சானுக்குப் போனார். சென்றியில் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

வாசுகி, 'அஞ்சா நெஞ்சர்' என்ற சொல்லை ஏன் எடுக்கச் சொன்னேன் என்று இப்போது உனக்கு விளங்கும். அஞ்சாதவர்களை அந்தக் காலத்தில் நான் நிறையக் கண்டேன். அவர்களுக்கு நாங்கள்தான் அஞ்சிக்கொண்டிருந்தோம். தொலைபேசியை வைக்க முன்னர் ரகீம் நானா அழுகையைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னார். "மிஸ், அண்டைக்கு லோஞ்சில அவர்ர கையைப் பிடிச்சதுக்குப் பொறகு, பயமே இல்லாத மனிசனை நான் நம்புறல்ல."

அவரிடமிருந்து என்னோடு தங்கிவிட்டது ஒரு சின்னப் பழக்கம். தீன் மூட்டையைத் திறந்தால் அடிவரை கையை விட்டு ஒரு பிடி எடுத்து மணந்து பார்ப்பேன். அன்று காலை தொலைபேசியை வைத்துவிட்டு அழுதபடியே போய் மூட்டையைத் திறந்தேன், மணந்தேன். நல்ல தீன்தான். கோழிகள் காலைச் சுற்றிக் கத்தின. ஒரு பாத்திரத்தில் அள்ளிக்கொண்டு முற்றம்வரை போனேன். போடக் கை வரவில்லை. திரும்பி வந்து, மூட்டையை மறுபடி அவிழ்த்து, இரண்டாந்தரமும் மணந்து பார்த்த பிறகுதான் அவற்றுக்குப் போட்டேன்.